மனுவில் என் வண்டி எண்

ஹாலுகொப்பலு,
கௌரி பண்டிகைக்கு மறுநாள்.

அன்புள்ள மாப்பிள்ளை ருத்ரமுனி அவர்களுக்கு,

மைத்துனன் ஷடாட்சரி எழுதிக்கொண்டது. எடெயூர் சித்தலிங்கேசுவரர் துணையால் மஸ்கட்டில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. "கேஸ் விஷயத்தைப் போன்ல பேசாதீங்க" என்று வக்கீல் கங்காதரையா சொல்லி மூன்று வருடமாகிறது. தீர்ப்பும் ஆகி, தங்கை மங்களாவுக்கு இரண்டாவது ஆபரேஷனும் முடிந்துவிட்டது. இன்னும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி? எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நம் ஊர் நாகேந்திரன் புதன்கிழமை உங்கள் பக்கம் கிளம்புகிறான். ராகி மாவு, சட்னிப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாவைத் திறக்கும் முன் இதைத் திறந்து பாருங்கள்.

மங்களா இப்போது கைத்தடியோடு அங்கன்வாடிக்குப் போய் வருகிறாள். படி ஏறுவதுதான் சிரமம். குளிர் காற்று அடித்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஆனாலும் வாய் குறையவில்லை. உங்கள் மகள் பிரகதி இரண்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவது. அந்தப் புத்தி எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது, நீங்கள் உரிமை கொண்டாட வேண்டாம். மழை நன்றாகப் பெய்தது. தென்னையில் பூச்சி விழுந்து காய் சிறுத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உங்கள் மனைவி என்னை மன்னித்துவிட்டாள்.

இதைச் சொல்ல நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். தப்பிருந்தால் நீங்கள் திருத்த வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மங்களா அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு நடந்து வந்தாள். கால்வாய்ப் பாலத்தருகே ஏதோ ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர் எவருமில்லை. இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கின. தலையிலும் அடி. பத்தாம் நாள் கண் விழித்தபோது அவளுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கங்காதரையா நம் இருவரையும் உட்கார வைத்து, "வண்டி நம்பர் இல்லேன்னா சர்க்கார் தர்றது மருந்துக்குக்கூடப் பத்தாது. நம்பர் இருந்தா நஷ்டஈடு கேஸ் நிக்கும். இன்சூரன்ஸ் இருக்கிற வண்டி எதுவும் உங்க வீட்ல இல்லையா?" என்று கேட்டார். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான். என் டெம்போவின் எண்ணை நானே சொன்னேன். தங்கைக்காக அல்லவா, என் கழுத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வக்கீல் சொன்னபடிதான் நடந்தது. வண்டியைப் பார்க்க அதிகாரி வருவார், அடிபட்ட தடம் இருக்க வேண்டும் என்றார். தோப்புக்குள் ஓட்டிப்போய், சத்தம் வெளியே கேட்காதபடி சுத்தியலில் சாக்கைச் சுற்றி, என் வண்டியின் முகத்தில் நானே அடித்தேன். சத்தம் மொத்தென்று விழுந்தது. ஸ்டேஷனுக்குப் போய், பயத்தில் நிற்காமல் போய்விட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். லைசென்சை ஆறு மாதம் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த என் மனைவி கமலாட்சி கைக்குழந்தையோடு திரும்பி வந்து, தங்கையை இடித்தவன் என்றுதான் என்னைப் பார்த்தாள். அவளிடமும் நாம் உண்மையைச் சொல்லவில்லை.

மங்களாவிடம் சொல்லிவிடலாம் என்று நான் கேட்டேன். கங்காதரையா ஒப்பவில்லை. "அந்தம்மாவுக்கு ஞாபகம் இல்லாதது நமக்கு நல்லது. நீங்க சொல்றதையே நம்பட்டும். நம்பிச் சொல்றவங்கள எந்தக் குறுக்கு விசாரணையும் அசைக்காது" என்றார். கட்டில் அருகே உட்கார்ந்து, இடித்தது அண்ணன்தான் என்று அவளிடம் சொன்னது நீங்கள். நான் வெளியே நின்றேன். அவள் அழுதது எனக்குக் கேட்டது.

பிறகு அவள் சாட்சி சொன்ன நாள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து போடுற நாடகம்தானே இது?" என்று கேட்டார். நினைவில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நாம் இருந்தோம். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "நாடகமா? எங்கண்ணன் தலையில சிவப்புத் துண்டு கட்டியிருந்தான். என்னை நேராப் பார்த்தான். வண்டியை மெதுவாக்கினான். அப்புறம் போயிட்டான். அதுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டாள். கங்காதரையா மேசைக்குக் கீழே என் தொடையைத் தட்டினார். கேஸ் ஜெயித்தது அந்த நிமிடத்தில்தான். ஆனால் இல்லாத ஒன்றை அவள் எங்கிருந்து பார்த்தாள்?

நீங்கள் மறு மாதமே விமானம் ஏறிவிட்டீர்கள். இருந்து பார்த்தவன் நான். இரண்டு வருடம் கௌரி பண்டிகைக்கு அண்ணன் சீராகச் சேலையும் வளையலும் கொண்டுபோனேன். இரண்டு வருடமும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். போன சிவராத்திரியன்று பொறுக்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான். ஆனால் பயப்படாதீர்கள், அவள் நம்பவில்லை. "இடிச்சதக்கூடப் பொறுத்துக்கிட்டேன் அண்ணா. இந்தப் பொய்யத்தான் பொறுக்க முடியல" என்றாள்.

நேற்று அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். பூஜை முடிந்து தேங்காய் உடைத்திருந்தாள். என்னை உள்ளே உட்கார வைத்து, "அம்மன் முன்னாடி ஒரே ஒரு தடவை, நான்தான்னு சொல்லிடு. அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன். உன் சேலையைக் கட்டிக்கிறேன்" என்றாள். மாப்பிள்ளை, நான் என்ன செய்ய முடியும்? நான்தான் மங்களா என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே என் தலையைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு இளையவள், அம்மா மாதிரி தடவினாள். வெல்லப் பூரணம் வைத்த ஒப்பட்டு பரிமாறி, நெய்யும் ஊற்றினாள்.

இப்போது எழுதுவதை நிதானமாகப் படியுங்கள். எனக்குப் பொய் சொன்னால் தொண்டை வறண்டுபோகும். ஸ்டேஷனில் வறண்டது, கோர்ட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். நேற்று வறளவே இல்லை. ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவன் மாதிரி இரண்டு ஒப்பட்டு தின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது. கொஞ்ச காலமாகவே எனக்கு அந்தப் பாலம் தெரிகிறது. வண்டிக்குள்ளிருந்து தெரிகிறது. மங்களா ஓரமாக நடந்து வருகிறாள், ஊதாச் சேலை, கையில் குடை. பிறகு மொத்தென்று ஒரு சத்தம். அது சாக்கு சுற்றிய சுத்தியலின் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஊதாச் சேலை எப்படித் தெரியும்? நஷ்டஈட்டு மனுவில் அது இல்லை, நான் தேடிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள். நீங்கள் சொல்லியிருக்கலாம். சொன்னீர்களா? தூக்கத்தில் நான் பிரேக்கை மிதிக்கிறேனாம். "கட்டில உடைச்சிராதீங்க, அதாவது மிஞ்சட்டும்" என்று கமலாட்சி கீழே பாய் போட்டுக்கொள்கிறாள்.

அன்று சாயங்காலம் என் வண்டி அமீர்ஜானின் மெக்கானிக் கடையில் நின்றது, நான் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் என் நினைப்பு. இன்று காலை போய் அவனைக் கேட்டேன். "உங்க வண்டி எத்தனையோ தடவை வந்துச்சு. எந்தச் சனிக்கிழமைன்னு நான் எப்படிண்ணே சொல்றது? வக்கீல் சொன்னாருன்னு பில் புக்கைக்கூட நீங்கதானே வாங்கிட்டுப் போய் அடுப்புல போட்டீங்க" என்றான். அது உண்மை. நானே என் கையால்தான் எரித்தேன்.

ஆகவே மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான். சேதி கேட்டதும் நீங்கள் பைக்கில் என்னைத் தேடி வந்தீர்கள். பின்னால் ஏறி, உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் சட்டை நனைந்திருந்ததும் நினைவிருக்கிறது. எங்கே ஏறினேன் என்பது மட்டும் வர மாட்டேன் என்கிறது.

எங்கே ஏறினேன்? ஒரே வரி போதும். கேஸ் என்று எழுத வேண்டாம், மங்களா பெயர் வேண்டாம், இடத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். அமீர்ஜான் கடை என்றால் அதை எழுதுங்கள். வேறு இடமென்றால் அதையும் எழுதுங்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மாற்றி மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்று வருடம் என் போனை எடுக்காமல் இருந்தது வக்கீலுக்குப் பயந்துதான் என்றே நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். வேறு காரணம் இருக்குமோ என்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள், மோர் நிறையக் குடியுங்கள். நீங்களும் உங்கள் குடும்பமும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். என் தங்கையைச் சாலையில் போட்டுவிட்டுப் போனவனை முன்பெல்லாம் குளிக்கும்போதுகூடச் சபித்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னால் அது முடிவதில்லை. அவன் எவனாக இருந்தாலும் அவன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஷடாட்சரி