திகதி வரும் வரி

பெப். 3, செவ்வாய்

மைனஸ் 21. பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. இடது கையுறையில் ஓட்டை. தைக்க வேண்டும்.

பயிலுநராகச் சேர்ந்து ஐந்து மாதம். நாலு நாள் அலுவலகம், ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வகுப்பு, கடைசியில் கணினிப் பட்டம். வயது 56. இதே கணக்காய்வு நிறுவனத்தின் இதே ஒன்பதாம் மாடியைப் பதினேழு வருடம் துடைத்தேன். ஒருவரும் பெயர் கேட்கவில்லை. இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் என் முகம். சேருமுன் புரோகிராம் எழுத யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில், ஃபோனில், நானே படித்தது.

வரி கட்டும் கடைசித் திகதியை வாடிக்கையாளருக்கு நினைவூட்டிக் கடிதம் அனுப்பும் புரோகிராம். முடித்துவிட்டேன். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாக வாசித்து ஒப்புதல் தராமல் எதுவும் வெளியே போகாது. எனக்கு வாய்த்தவள் திவ்யா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, 24, அவளும் பயிலுநர், பக்கத்து மேசை. பிந்திச் சேர்ந்தவள். தகுதிகாண் காலம் இன்னும் ஒரு மாதம்.

“ஆன்ட்டி, தேதி வர்ற லைனை மட்டும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாமா?”

“நான் ரெண்டு தரம் பாத்திட்டன், பிள்ளை. என்னில நம்பிக்கையில்லையோ?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல. நீங்க சொன்னா சரி ஆன்ட்டி.”

மத்தியானத்துக்கு முன் ஒப்புதல். சந்தோஷம்.

வாங்க: பால், நூல்.

பெப். 9, திங்கள்

பனி. பொறுப்பாளர் லூக் காலையிலேயே எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன கடிதங்கள் பிழை. அவர்களுக்கு மாதம் முதலில், நாள் பிறகு. என் புரோகிராம் முதலில் வருவதை நாள் என்று வாசித்திருக்கிறது. மார்ச் 4, ஏப்ரல் 3 ஆகிவிட்டது. எங்கள் ஊரில் நாள்தான் முதலில். வேறு மாதிரியும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லூக் அவளிடம் கேட்டார்: வாசித்தாயா? வாசித்தேன் என்றாள். ஒரு சந்தேகமும் வரவில்லையா? என்னைப் பார்த்தாள். இல்லை என்றாள்.

நான் மேசையைப் பார்த்தேன்.

வீட்டில் என் மனிசனுக்குச் சொன்னேன். “நீர் பிழையெண்டு ஒத்துக்கொள்ளுறதுக்குள்ள இந்த ஊர் ஆறே வத்திப்போகும்” என்று சிரிக்கிறார். இரவுச் சாப்பாடு அவரே போட்டுச் சாப்பிடட்டும்.

பிழை என்னுடையது இல்லை. வாடிக்கையாளர் தெளிவாக எழுதி அனுப்பியிருக்க வேண்டும். எழுதி வைக்கிறேன்.

பெப். 13, வெள்ளி

திவ்யாவை நிறுத்திவிட்டார்கள். ஒப்புதல் கொடுத்தவள், தகுதிகாண் காலத்தில் இருப்பவள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். வேலை போனால் வகுப்பிலும் இடமில்லை.

மேசையில் விட்டுப் போனவை: இட்லிப்பொடிப் போத்தல், ஃபோன் வயர், தலையிடிக் குளிசை அட்டை பாதி.

கையுறை இன்னும் தைக்கவில்லை.

பெப். 16, திங்கள்

லூக்கிடம் போனேன். அவள் சோதிக்கக் கேட்டாள், நான்தான் தடுத்தேன் என்றேன். அவர் ஒப்புதல் பக்கத்தைத் திறந்தார். திவ்யாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி: கருத்து அழிக்கப்பட்டது, பெப். 3, 11.42.

என்னிடம் வாயால் கேட்குமுன் எழுத்திலும் கேட்டிருக்கிறாள். ‘நம்பிக்கையில்லையோ’ என்றதும் அழித்திருக்கிறாள். மாடி முழுக்கப் பார்க்கும் பக்கம். என் வேலைக்குக் கீழே கேள்வி நிற்க வேண்டாம் என்று நினைத்தாளாக்கும்.

அது இருந்திருந்தால் அவளை வைத்திருக்கலாம் என்றார் லூக். இப்போது முடிவு அவர் கையில் இல்லையாம்.

மாலை, மெட்ரோ வாசலில் நின்று அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“இட்லிப்பொடியை விட்டிட்டுப் போயிட்டீர், பிள்ளை.”

“அதுக்கா கூப்பிட்டீங்க?”

ஒரு பஸ் வந்து போனது.

“லூக்கிட்ட எல்லாம் சொல்லிப்போட்டன்.”

“அன்னிக்கு அந்த ரூம்லயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. நான் உங்களத்தான பார்த்தேன்.”

“ஓம்.”

அவள் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.