பேனாவை எடுக்காத டாக்டர்

மார்ச் 3, செவ்வாய்
பாப்பாவின் தொடைக் கட்டி ஆறி மூன்று வாரம். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த சோதனையில் கட்டிக்குக் காரணமான கிருமி இன்னும் இருக்கிறதாம். சாதாரண ஆன்டிபயாடிக்கெல்லாம் அதற்குத் தண்ணீர் மாதிரி. பெரிய மருந்தாக எழுதித் தருவார் என்று போனேன். எங்கள் டாக்டரம்மா பேனாவையே எடுக்கவில்லை. "கிருமி இருக்கு, நோய் இல்லை. இல்லாத நோய்க்கு எழுத மாட்டேன்." நான் எழுதிப்போன பதினாலு கேள்வியும் கைப்பையிலேயே திரும்பி வந்தன.

மார்ச் 4, புதன்
துண்டு, தலையணை உறை, பொம்மை, எல்லாம் வெந்நீரில். பாப்பாவையும் கொடியில் காயப்போடப் போகிறாயா என்கிறார் இவர். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி
தப்பு என்னுடையதுதான். மறைக்கக் கூடாதென்று, பாப்பா போகும் குழந்தைகள் காப்பகத்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டை நானே போட்டேன். பெரிய அரிச்சந்திரன்! இன்று காப்பக மேடம் பேசினார். அவருக்கு ஒன்றுமில்லையாம், மற்ற அம்மாக்கள்தான் பயப்படுகிறார்களாம். கிருமி போய்விட்டதென்று காகிதம் வரும்வரை பாப்பா வரக் கூடாது. என் விடுப்போ பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள் எடுத்தாலும் வேலை போய்விடும்.

மார்ச் 7, சனி
வேறு கிளினிக். அந்த டாக்டர் பாப்பாவைத் தொடக்கூட இல்லை, ஐந்து நாள் மருந்து எழுதிவிட்டார். வாங்கியும் வந்தாச்சு. கொடுக்க வேண்டியதுதானே? கை வரல. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன் — உங்களுக்கென்ன, உங்க பிள்ளையையா வெளிய நிறுத்தினாங்க? கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். "கொடுத்தா கொஞ்ச நாள் அடங்கும். அப்புறம் இந்த மருந்துக்கும் பயப்படாம திரும்பி வரலாம். நாளைக்கு நிஜமாவே குழந்தை படுத்துட்டா நான் எதைம்மா எழுதறது?"
போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்
டாக்டரம்மாவே கூப்பிட்டு, என் மூக்கிலும் குச்சி விட்டார். கிருமி இருந்தாலும் மருந்து தரப்போவதில்லையே, பிறகு எதற்கு? காப்பகத்துக்குக் காட்டத்தானாம்.

மார்ச் 12, வியாழன்
எனக்கும் இருக்கிறது. அதே கிருமி. ஆபீசில் என்னிடம் யார் காகிதம் கேட்டார்கள்?
டாக்டரம்மா கடைசியில் பேனாவை எடுத்தார். மருந்துக்கு அல்ல, கடிதத்துக்கு: குழந்தை வரலாம், எல்லோரும் கை கழுவினால் போதும். அதையும் என் ரிப்போர்ட்டையும் அதே குழுவில் போட்டேன். சாயங்காலம் மூன்று அம்மாக்கள் தனித்தனியாக எனக்கு எழுதினார்கள்: நமக்கும் இருக்குமோ?

மார்ச் 16, திங்கள்
காப்பக வாசலில் புதிதாக ஒரு சோப்பு. முதல் ஆளாகக் கழுவினேன். மேடம் பாப்பாவைத் தூக்கினார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி. ஆனாலும் தூக்கினார்.
ஒன்பதரைக்கு ஆபீசில் இருந்தேன். மருந்துப் புட்டி சீல் உடையாமல் கைப்பையில். கடைக்காரர் திருப்பி எடுப்பாரா, கேட்கணும்.