முகம் எடுக்காத அச்சுகள்

அன்புள்ள மேல்கட்டில்காரிக்கு,

உன் கீழ்க்கட்டில்காரி எழுதுவது. அகதி முகாமின் அடுக்குக் கட்டிலை விட்டு வந்து இத்தனை காலமாகியும் உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் நலம். உன் வீட்டுக்காரர் நலமா? சின்ன ஆளுக்குப் பல் முளைத்துவிட்டதா? ராத்திரியில் தூங்க விடுகிறதா?

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. உன் வீட்டுக்காரர்மேல் எனக்குத் தனியாகச் சந்தேகம் ஒன்றுமில்லை. இப்போது எல்லார்மேலும் சந்தேகம், அவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. போனை நம்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. நகராட்சிக் கலைக்கூடத்தில் எனக்குப் பெரிய அறையாகவே கொடுத்துவிட்டார்கள். போருக்குத் தப்பி வந்த பெண்களின் உடம்பிலிருந்து நான் எடுத்த பிளாஸ்டர் அச்சுகள் எல்லாம் அங்கே நிற்கப் போகின்றன. ஒருத்தியின் முழங்கால், ஒருத்தியின் தையல் போட்ட வயிறு, குண்டுச் சிதறல் தின்றதுபோக மிச்சமிருக்கும் என் மார்பு, பிள்ளை பெற்ற கையோடு நீ வந்து கொடுத்த முதுகு. யாருக்கும் முகம் எடுக்கவில்லை, பெயரும் போடவில்லை. நம் ஒவ்வொருத்திக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் யாரோ ஒருவர் மிச்சமிருக்கிறார்கள், அவர்கள் தலை உருளக் கூடாது. நீ ஒருத்திதான் எனக்கு யாருமே இல்லை என்று சொன்னவள்.

என் வேலைக்கூடம் பழைய டயர் கிடங்கு என்று சொன்னேன் இல்லையா? எவ்வளவு கழுவினாலும் ரப்பர் வாடை போகவில்லை. கீழே கடிகாரம் பழுதுபார்ப்பவர், மாடிக்கு ஏறுகிற பெண்கள் எல்லாம் வெள்ளைப் பொடியோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மேல என்னம்மா, மாவு மில்லா நடத்துறீங்க?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் புத்தி இப்படி ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண் வந்திருக்கிறாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நம் ஊர்தான் என்றாள், பத்திரிகையில் என் வேலையின் படம் பார்த்தேன் என்றாள், தன்னையும் அச்சு எடுக்க வேண்டும் என்றாள். சரி, உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. அலமாரியில் இருக்கும் அச்சுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். "இது யாரோடது? இவங்க இப்ப எங்க இருக்காங்க? இங்க வருவாங்களா?" என்று ஒன்று விடாமல் கேட்டாள். அன்றே அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். போன வருடம் இப்படித்தான் ஒருவன் கலை ரசிகன் என்று வந்து போனான். அடுத்த வாரமே அந்த முழங்கால்காரியின் அண்ணனை ஊரில் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அதை நான் மறக்கவில்லை.

இருந்தும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆளை உளவு பார்க்க வேண்டுமென்றால் அச்சு எடுப்பதைவிட நல்ல வழி கிடையாது. மேலாடையைக் கழற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லையடி. பிள்ளை பெற்ற வரிகள் வயிற்றில் இருந்தன, அதைத் தவிர எதுவும் இல்லை. நம் ஊரிலிருந்து இப்படி வழித்துவிட்டாற்போல் ஓர் உடம்பு எப்படி வந்து சேரும்? காயம் இல்லை என்பதற்காக ஒருத்தியைச் சந்தேகப்படுகிறேனே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

வாஸ்லின் தடவி, பிளாஸ்டரில் நனைத்த துணியை வயிற்றில் ஒட்டினேன். முதலில் சில்லிடும், பிறகு சூடேறும், அது இறுகும்வரை ஆள் அசையக் கூடாது, உனக்குத் தெரியும். குறுக்கு விசாரணைக்கு எந்த வக்கீலுக்கும் இப்படி ஒரு வசதி கிடைக்காது. "உங்கள யாரு அனுப்புனாங்க?" என்று நேராகவே கேட்டேன். வயிறு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள். அச்சு பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

அப்புறம்தான் சொன்னாள். தங்கையைத் தேடுகிறாளாம். "உங்க சிலைக்கெல்லாம் முகம் இல்லன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு முகம் வேணாம். தோளப் பாத்தா போதும்" என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சட்டைக்கு யார் இஸ்திரி போடுவது என்று இருவருக்கும் இழுபறியாம். சூடான பெட்டி தங்கையின் இடது தோளில் பட்டுவிட்டதாம்.

உன் முதுகு அப்போது பரண்மேல் போர்வைக்குள் இருந்தது. அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் தோளில் இருப்பதைப் பிறவி மச்சம் என்றுதான் நீ சொன்னாய். சுட்ட தோலுக்கும் பிறந்த தோலுக்கும் வித்தியாசம் தெரியாத விரலா என் விரல்? நீயாகச் சொல்வாய் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடையாளம் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் இல்லை. ஆளைப் பிடிக்க அலைகிறவர்களுக்கும் அடையாளம் தெரிந்திருக்கும். அவள் யார்? பொய் சொன்னது அவளா, நீயா? திட்டுவதானாலும் திட்டு. உடனே பதில் எழுது.

கதவைப் பூட்டிவிட்டுப் படு.

உன்
கீழ்க்கட்டில்காரி

*

அன்புள்ள மேல்கட்டில்காரிக்கு,

உன் பதில் கிடைத்தது. வாய் ஓயாமல் பேசுகிற நீ இவ்வளவு சின்னதாக எழுதி நான் பார்த்ததில்லை.

ஆக, அவள் உன் அக்காதான். சோதனைச் சாவடியில் உன்னைத் தனியாக நிறுத்திவிட்டு, "இவ உங்ககூட வந்தவளா?" என்று சிப்பாய் கேட்டபோது, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக நின்ற உன் அக்கா, "இல்ல, யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போயிருக்கிறாள். ஏன் சொன்னாள் என்று தெரியும், தெரிந்தும் மனசு ஆறவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ இருக்கும் இடத்தைச் சொல்லவே கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். அவள் என்னிடம் இஸ்திரிப்பெட்டியைச் சொன்னாள், சாவடியைச் சொல்லவில்லை. என் சந்தேகம் வீணில்லை பார்.

நான் சொல்லவில்லை. இனி நடந்ததைக் கேள்.

கண்காட்சியைத் திறந்துவிட்டார்கள். உன் முதுகை வைப்பதும் விடுவதும் என் இஷ்டம் என்று நீ எழுதியதால், அறையின் கோடியில் தூணுக்குப் பின்னால் வைத்தேன். தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். பார்க்க வந்திருந்த உன் அக்கா போனாள்.

நான் பின்னாலேயே போய் நின்றேன். போனை வெளியே எடுத்தாளானால் பிடுங்கிவிடுவது என்ற முடிவோடுதான் நின்றேன். எடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தொடாமல், மூச்சு படுகிற தூரத்தில் நின்றாள். தோளைப் பார்த்தாள். பிறகு கீழே, கீழே பார்த்துக்கொண்டே போனாள். அழுவாள், என் காலைப் பிடிப்பாள், முகவரி கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சதை போட்டிருக்கா" என்றாள். "சின்னதுல சோத்தக் கண்டாலே ஓடுவா. இப்ப நல்லா சாப்பிடுறா போலிருக்கு."



"இடுப்பப் பாருங்க. இது பிள்ள பெத்த இடுப்பு. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். "ஆணா பொண்ணான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க மறுபடியும் பொய் சொல்லணும்."

உன்னை எனக்குத் தெரியும் என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறதடி. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லாதீங்க. பயந்துடுவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அப்போதும் என் புத்தி என்னை விடவில்லை. ஜன்னல் பக்கம் ஓடி, தெருவில் யாராவது அவளுக்காகக் காத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். கார் இல்லை, ஆள் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றாள். பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை. அதைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். அடுத்தது வந்தபோதுதான் நடத்துநர் ஏதோ கேட்க, ஏறிப் போனாள்.

சொல்லாதே என்று நீயும் சொன்னாய், அவளும் சொன்னாள். நீ சொன்னதைக் காப்பாற்றிவிட்டேன். அவள் சொன்னதை இந்தக் கடிதத்தால் மீறிவிட்டேன். இதற்காக நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். உன்னை மன்னிக்கச் சொல்ல நான் யார்? அந்தச் சாவடியில் நான் நின்றிருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன், என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவள் மறுபடியும் வருவாள் என்றுதான் தோன்றுகிறது. தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள், எதுவும் கேட்க மாட்டாள். உன் ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம், எதுவும் வேண்டாம். பிள்ளை ஆணா பெண்ணா, அதை மட்டுமாவது நான் சொல்லலாமா? சொல் என்று ஒரு வார்த்தை எழுது.

சின்ன ஆளுக்கு என் முத்தம். நீ வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன்
கீழ்க்கட்டில்காரி