மதினியின் கைப்பட்டை

செவ்வாய், தை 15

இன்று மதினியைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் போனேன். இரண்டு வருடத்துக்கு முன்பு பட்டாசு ஆலை விபத்தில் அவளுக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டது. அவள் தானே சாப்பிட, சைக்கிள் டியூபிலும் காலண்டர் தகரத்திலும் ஒரு பட்டை செய்திருக்கிறேன். முழங்கைக்குக் கீழே மாட்ட வேண்டும், முனையில் முள்கரண்டி. நாலாவது தடவையாக நேற்று ராத்திரிதான் சரியாக வந்தது.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பட்டையைக் காட்டி, இதேபோல் மற்றவர்களுக்கும் செய்துதர உதவி கேட்டேன். அதிகாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "என்ன படிச்சிருக்கீக?" என்றார். எட்டாவது என்றேன். "இன்ஜினியர் யாராச்சும் செஞ்சா கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். மதினி முன்னால் அழக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் மதினி, "பசிக்கி, புரோட்டா திம்போம்" என்றாள். கை போனதிலிருந்து அவள் கடையில் சாப்பிட்டதே இல்லை. நான் ஊட்டுவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம். பட்டையை மாட்டிவிட்டேன். முதல் துண்டு நழுவி விழுந்தது. இரண்டாவது துண்டு வாய்க்குப் போனது.

பரிமாறியவர், "எந்த ஆஸ்பத்திரில குடுத்தாக?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியா? இந்தா இருக்காள்ல, எங்க நாத்துனா, இவ செஞ்சது!" மதினி சொன்னது கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். "நீ திங்கலையா? ஆறிப்போச்சு பாரு" என்று அதட்டினாள். இரண்டு வருடமாக அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன். இன்று எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, இன்னும் ஒன்று கேட்டாள்.