றிஸ்லானின் இரத்தம்

லண்டன்
16.02.2026

அன்பு ராத்தா,

ஸலாம். போனில் சொன்னால் சிரித்துத் தட்டிவிடுவீர்கள், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

காத்தான்குடி மருத்துவ முகாமில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு ஒருவரிடம் இரத்தம் எடுத்தார்களே, அதில் உங்கள் மூத்தவன் றிஸ்லானின் இரத்தம் எங்கள் ஆய்வுகூடத்தையே பரபரப்பாக்கிவிட்டது. ஈரலிலிருந்து சீனியை வெளியே விடும் மரபணு ஒன்று, உங்கள் பக்கத்தாலும் மச்சான் பக்கத்தாலும், அவனுக்குப் பழுது. அதனால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவனை அண்டாது. அந்த மரபணுவை அடக்கும் மாத்திரை செய்யலாம் என்று இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்குத்தான் பயம். காய்ச்சலோடு பட்டினி கிடந்தால் சீனி இறங்கி மயங்குவான், எழும்பாமலே போகலாம். டாக்டரைக் கேட்காமல் அவனை நோன்பு பிடிக்க விடாதீர்கள்.

தங்கச்சி
அஸ்மியா

காத்தான்குடி
27.02.2026, வெள்ளி, பின்னேரம் 2.30

தங்கச்சிக்கு,

ஸலாம். றிஸ்லான் ஒரு நோன்பும் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பகலில் சோறு தின்கிறான். "ஊராக்கள்ர முகத்துல எப்பிடி முழிக்கிற உம்மா?" என்று என்னோடு சண்டை.

சின்னவன் சாலிஹ் வெள்ளாமை வெட்டுக்கு வயல் வட்டையில் நின்று, முந்தாநாள்தான் காய்ச்சலோடு வந்தான். சொன்னால் கேட்கிறவனா? விடியமுன் ஸஹருக்குத் தண்ணீர் மட்டும் குடித்து நோன்பு பிடித்திருக்கிறான். ஜும்ஆத் தொழுகைக்கும் எழும்பவில்லை. கூப்பிட்டதற்கு என்னவோ முனகினான். வேர்த்துக் கொட்டுகிறது, காய்ச்சல் விடுகிறதாக்கும். நோன்பு துறக்க எழுப்பலாம் என்று விட்டிருக்கிறேன்.

நோன்பு மாதத்தில் பொய்யை வைத்திருக்கக் கூடாது, ஏசாதே. முகாமுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னீர்கள். றிஸ்லான் விடியவே பிளேன்டீயும் ரொட்டியும் தின்றுவிட்டான். உன் பெயர் கெடக் கூடாதென்று அவனுடைய முகாம் அட்டையைக் கொடுத்து சாலிஹைத்தான் அனுப்பினேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரத்தத்தில் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன்.

அப்படியென்றால் நாளைக்கு றிஸ்லான் நோன்பு பிடிக்கலாமா? எழுது.

ராத்தா
ஸஹீதா

லண்டன்
27.02.2026, காலை 9.40 (அங்கே பின்னேரம் 3.10)

ராத்தா,

சாலிஹை எழுப்புங்கள். அந்தப் பழுது அவனுக்குத்தான், வேர்ப்பது சீனி இறங்குவதால். எழும்பினால் சீனித் தண்ணீர் கொடுங்கள். எழும்பாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்லுங்கள். நோன்பு முறியட்டும், பாவம் என் தலையில்.

ஆறு தரம் கோல் எடுத்துவிட்டேன். யாரும் போனைத் தூக்குவதில்லை.

அஸ்மியா

லண்டன்
27.02.2026, பகல் 12.55

ராத்தா,

இப்போது அங்கே நோன்பு துறக்கும் நேரம்.

எழுப்பினீர்களா?