ஊசி போட்ட கைகள், ஒரே சஹன்

ஜூலை 30, வெள்ளி
விடியலிலிருந்து தூறல். இவருக்கும் எனக்கும் இரண்டாவது கொரோனா ஊசி. கை வலி. நேற்றுவரை கிருமிக்குப் பயந்து கடைப் பாண் ரொட்டியைக்கூட வெயிலில் காய வைத்துத் தின்ற மனிதர், வீட்டுக்கு வந்ததும் முகக்கவசத்தைக் கதிரையில் எறிந்தார். “இனிப் பயமில்ல.” எனக்குச் சிரிப்பு.
வாங்க வேண்டியது: தேங்காய், சவர்க்காரம், நானா வீட்டுக்கு ஏதாவது.

ஆகஸ்ட் 1, ஞாயிறு
அக்குறணை. இவருடைய மூத்தவர், நானா, புது வீடு குடிபோன விருந்து. கொரோனா வந்ததிலிருந்து எங்கே போனாலும் பொட்டலச் சோறுதான். இன்று பழையபடி சஹன். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் கைபோட்டுச் சாப்பிடுகிறார்கள். அடுப்படி வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டேன். நானா சொன்னார்: “எல்லாரும் ஊசி போட்டவங்கதானே.”
எல்லோருமா? என் வாப்பா போடவில்லை. சிறுநீரக வருத்தம், ஊசிக்குப் பயம். கடுகண்ணாவையில் வீட்டை விட்டு இறங்காதவர், இன்று பஸ் ஏறி வந்திருக்கிறார்! “நீங்க எல்லாரும் போட்டா எனக்கும் போட்ட மாதிரித்தானே மகள்.”
இவருக்குக் காலையிலிருந்து இருமல். ஊசி போட்டதால் வந்ததாம். வாப்பாவுடன் ஒரே சஹனில் இருந்து, நல்ல இறைச்சித் துண்டாகப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். மாமனாருக்கு மரியாதை. சபையில் என்னத்தைச் சொல்வது.

ஆகஸ்ட் 5, வியாழன்
கடும் மழை. கருவாடு பொரித்தேன், இவருக்கு மணமே தெரியவில்லை. பரிசோதனை. இவருக்குக் கொரோனா, எனக்கு இல்லை. சுகாதாரப் பரிசோதகர் பிஎச்ஐ ஐயாவிடம் கேட்டேன், ஊசி போட்டவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா என்று. “தொற்றும். அவருக்குக் கடுமையாகாது, அவ்வளவுதான்.”
உடனே வாப்பாவுக்குப் போன். “தடிமலும் தும்மலும்தான் மகள். ஒண்டுமில்ல.”

ஆகஸ்ட் 10, செவ்வாய்
வாப்பா ஆஸ்பத்திரியில். ஒட்சிசன். பார்க்க விடமாட்டார்கள். இன்னும் நம்ப முடியவில்லை.
இவர் அறைக்குள்ளிருந்து பிளேன்டீ கேட்கிறார், சீனி கூட்டி. காய்ச்சலும் இல்லை. சந்தோஷப்பட வேண்டும். ஆத்திரம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 13, வெள்ளி
வார்டிலிருந்து வாப்பா. தாதி போனைப் பிடித்துக்கொண்டாராம். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குகிறது.
“மருமகனுக்கு எப்படி?”
“சுகம் வாப்பா. எழும்பி நடக்கிறார்.”
“அப்ப ஊசி நல்லதுதான். எனக்கும் ஒண்டு போடச் செல்லு மகள்.”
சொல்கிறேன் என்றேன்.