முன்னால் கூந்தல், பின்னால் மொட்டை

மார்ச் 4
மழை. பழம்பொருள் கடைக்கு ஒருவர் கூட வரவில்லை. மதியம் லண்டன்காரர் மறுபடி போன் செய்தார். அப்பா விட்டுப்போன வெண்கலப் பெண் அவருக்கு வேண்டுமாம், கேட்ட விலைக்கே. 'வாய்ப்பு' என்பதையே பெண்ணாக வடித்த சிலை: பிடிக்க முன்னால் ஒரு கொத்துக் கூந்தல், பின்னால் வழுவழு மொட்டை. தாண்டிப் போனபின் பிடிக்க முடியாது.

விற்றே ஆகவேண்டும் என்று ஃபுல்வியோ அண்ணன் குதிக்கிறான். கட்டிட உரிமையாளர் எங்கள் கடையை விடுதிக்கு விற்கப் போகிறார். ஜூனுக்குள் நாங்களே வாங்காவிட்டால் நடுத்தெருதான்.

மார்ச் 6
நானூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை என்று சான்றிதழில் நான் எழுதினால் அரசு நாட்டைவிட்டு வெளியே விடாது. உள்ளூரில் கால்வாசி விலைகூடத் தேறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகல் என்று எழுதினால் போய்விடும்.

"எழுதுடி நெரீனா. உன் கையெழுத்துன்னா ஃப்ளாரன்ஸே தலையாட்டும்."

"அதனாலதான் எழுத மாட்டேன்."

"கடை போச்சுன்னா அந்தக் கையெழுத்தை எங்க உக்காந்து போடுவ? ரோட்டுலயா?"

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 7
கால்விரல் இடுக்கில் அந்தக் காலத்துச் செம்பழுப்பு மெருகு இன்னும் இருக்கிறது. கைபடாத இடத்தில்தான் அது மிஞ்சும். இதைப் பார்த்தால் ஏற்றுமதி அதிகாரி தெபால்திக்குத் தெரியாமலா போகும்?

மார்ச் 11
எழுதிவிட்டேன்.

மார்ச் 19
ஏற்றுமதி அலுவலகம். தெபால்திக்கு எந்தச் சிலையில் சந்தேகம் வந்தாலும் முப்பது வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார். பெட்டி மூடியைத் தூக்கி முகத்தை மட்டும் பார்த்தார்.

"கால் பக்கம் பாக்கலையா?" — ஏன் கேட்டேன்? மாட்டிக்கொள்ள ஆசையா?

"நீங்க பாத்தாச்சுல்ல? அப்புறம் நான் எதுக்கு?"

முத்திரை குத்தினார். காபிக்குக் கூப்பிட்டார். பல்வலி என்றேன். அதுவும் பொய்.

ஏப்ரல் 2
வெண்கலப் பெண் லண்டனுக்குப் போய்விட்டாள்.

மே 28
கடை எங்கள் பெயரில். ஃபுல்வியோ சந்தோஷத்தில் அழுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 9
தெபால்தி வந்தார், கையில் லண்டன் ஏலப் பட்டியல். அதில் அவள்: 'ஃப்ளாரன்ஸ், பதினாறாம் நூற்றாண்டு'. கால்விரல் படம் தனியாக, பெரிதாக. அடுத்தது போலீஸ்தான் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க நெரீனா. நம்ம வயசுல கண்ணு இப்படித்தான். விசாரிக்க வந்தவங்ககிட்ட நானே சொல்லிட்டேன். நெரீனா பொய் எழுதுற ஆளு இல்ல, பார்வை போயிடுச்சு, அவ்வளவுதான்னு."

உண்மை தொண்டைவரை வந்தது. ஜெயில், கடை, ஃபுல்வியோ — எல்லாம் கூடவே வந்தது.

"ஆமா... மங்கிடுச்சு" என்றேன்.

நவம்பர் 21
எதிர்க்கடை லாப்போ பழைய மரப்பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். முன்பெல்லாம் என்னிடம் காட்டாமல் துரும்புகூட வாங்க மாட்டான். இன்று நான் தெருவைக் கடக்க நின்றபோது ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான்.

"மெதுவா அக்கா, படி இருக்கு."

அவன் ஜன்னலில் இருக்கும் பெட்டி போலி. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. கண் தெரியாதவள்போல், காலால் தடவிப் படி இறங்கினேன்.